இருபத்தெட்டு சதவீத பிரேக்

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்தக் கம்பெனியில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'இன்னொருதடவை' என்றுதான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு மாடிக் கட்டடமாக இருக்கும். காலையிலிருந்து கிரீஸும் வேர்வையுமாக வேலை பார்த்து, பிரேக்கைச் சோதித்து, எல்லாம் சரி என்று கூட வந்தவர்கள் ஸ்பானரைப் பைக்குள் போடும் நேரத்தில், இவன் மெதுவாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை பாத்துடலாமே" என்பான். யாரும் திட்டமாட்டார்கள். திட்டினாலும் அவன் பார்க்கத்தான் போகிறான் என்பது தெரிந்ததால் வாயை வீணாக்குவதில்லை.

கவலைப்படுவதற்கென்றே பிறந்தவன். வீட்டைப் பூட்டிவிட்டு நாலு எட்டு நடப்பான், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான். தெருமுனை வரை போய்விட்டு மறுபடியும் வருவான். மூன்றாவது முறை இழுக்கும்போது எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக, பூட்டு பாவம், விட்டுவிடுங்கள் என்பார். கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைக்காமல், பெண்ணின் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று இரண்டு முறை எழுத்துக்கூட்டிப் பார்த்த மாப்பிள்ளை இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

அந்தப் பெண் நேர்மாறு. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை அவளுக்கு. இடது கை ஃபிரேமைப் பிடித்திருக்கும். அந்தக் கையில் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி வேலை: ஒன்று தாங்கும், ஒன்று அழுத்தும், ஒன்று லேசாகத் தூக்கி வழிவிடும். பதினைந்து வருடத்தில் அவள் உடைத்த லென்ஸ்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். கண்ணாடி தயாராகும் வரை கடையில் காத்திருந்த ஒருவர், பொழுது போகாமல் தன்னுடைய ரிமோட் பந்தயக் காரை அவள் கையில் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னதில் ஆரம்பித்தது அவளுடைய பைத்தியம். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர்கள் வீட்டில் சமையல் கிடையாது. டப்பாவில் ரொட்டியை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் பந்தயத் தடத்துக்குப் போய்விடுவார்கள். காரை ஓட்டுவது அவள், கவலைப்படுவது அவன். வேலையைப் பங்கு போட்டுக்கொண்ட தம்பதி.

கவலைப்படுவதற்கு அந்தக் காரில் விஷயமும் இருந்தது. முழங்கை நீளம்தான் இருக்கும், ஆனால் நேர்பாதையில் நிஜக் கார் போகிற வேகத்தில் போகும். அதில் பிரேக் என்று தனியாக ஒரு பாகம் கிடையாது. ஓட வைக்கிற மோட்டாரேதான் நிறுத்தவும் வேண்டும். மோட்டாருக்கும் பேட்டரிக்கும் நடுவே தீப்பெட்டி அளவில் கன்ட்ரோலர் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ரிமோட்டை இடது கையில் பிடித்து, ஆள்காட்டி விரலால் ட்ரிக்கரைத் தன் பக்கம் இழுத்தால் வேகம். அதே விரலின் முதுகால் முன்பக்கம் தள்ளினால் பிரேக். வலது கை சக்கரத்தைத் திருப்ப மட்டும். எவ்வளவு தள்ளினால் எவ்வளவு பிடிக்க வேண்டும், எடுத்த எடுப்பிலேயே கவ்வ வேண்டுமா, மெல்லப் பிடிக்க வேண்டுமா என்பதையெல்லாம் கன்ட்ரோலருக்கு எண்களாகச் சொல்லி வைக்கலாம்.

சொல்வதற்கு ஒரு செட்டிங் கார்டு உண்டு. சின்னத் திரை, ஏற்ற ஒரு பொத்தான், இறக்க ஒன்று, ஓரத்தில் ஒன்று. ஓரத்துப் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் அடுத்த எண் வரும். விடாமல் அழுத்திப் பிடித்தால் போச்சு, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே எல்லா எண்களும் திரும்பிப் போய்விடும். அதற்காகவே அவன் அந்தப் பொத்தானின் மேல் எச்சரிக்கையாகச் சிவப்பு டேப் ஒட்டி வைத்திருந்தான். எண்களை ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளுக்கு இன்னொரு நகலும் எழுதி வைத்திருந்தான்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பேரும் மூட்டை முடிச்சோடு மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தார்கள். பாதிப் படியில் அவனுக்கு அடுப்பு ஞாபகம் வந்தது. மூடிவிட்டேன் என்றாள் அவள். அவனுக்கு மனசு கேட்கவில்லை. "இன்னொரு தடவை பாத்துட்டு வந்துடேன்" என்றான். அவள் சிரித்துக்கொண்டே, கையில் கார் பெட்டியோடு படியிலேயே திரும்பினாள். செருப்பு வழுக்கியது. பதினோரு படி. அவன் ஓடி வருவதற்குள் அவள் கீழே கிடந்தாள், இடது கை பார்க்கக் கூடாத விதமாக மடங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அன்று சாயங்காலம் உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தபோது அவன் முதலில் சமையலறைக்குத்தான் போனான். அடுப்பு மூடித்தான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதான்.

மேல்கை எலும்பு இரண்டு மாதத்தில் கூடிவிட்டது. எலும்பை ஒட்டிப் போகிற நரம்புதான் நசுங்கியிருந்தது. மணிக்கட்டு தொங்கிப்போனது. விரல்கள் மடங்கும், பிடிக்கும், ஆனால் மேலே தூக்காது. நரம்பு தானாக வளர்ந்து வர வேண்டும், ஆமையை விட மெதுவாகத்தான் வளரும், பொறுத்திருங்கள் என்றார் டாக்டர். நான்காவது மாதம் மணிக்கட்டு எழுந்தது. அன்றைக்கு அவன் லிஃப்ட் கம்பெனி முழுவதற்கும் டீ வாங்கிக் கொடுத்தான். அதற்குப் பிறகு விரல்கள் வரும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. ஆறு மாதம் முடியும் திங்கட்கிழமை வந்து காட்டுங்கள், அதற்குள் அசைவு இல்லையென்றால் வேறு தசைநாரை எடுத்து மாற்றிக் கட்டிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நல்ல ஆபரேஷன்தான். ஆனால் அதற்குப் பிறகு நாலு விரலும் ஒன்றாகத்தான் தூக்கும், தனித்தனியாகத் தூக்காது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

தனித்தனியாகத் தூக்காத கையை வைத்துக்கொண்டு அவள் ஃபிரேமில் லென்ஸ் பொருத்துவது எப்படி? கடை முதலாளி நல்ல மனிதர், அவளைக் கல்லா மேஜைக்கு அனுப்பியிருந்தார். பதினைந்து வருடம் கண்ணாடி செய்தவள் இப்போது வருகிறவர்களிடம் உட்காருங்கள், ஐந்து நிமிடம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பயிற்சி சொல்லிக் கொடுக்கிற பிசியோ அம்மா வீட்டில் செய்ய ஒரு சோதனை கொடுத்திருந்தார். கையை மேஜையில் குப்புற விரிக்க வேண்டும். கையோடு சேருகிற அடிமுட்டியிலிருந்து ஆள்காட்டி விரலைத் தூக்கப் பார்க்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் ஒரு காகிதத் துண்டை விரலுக்கு அடியில் நுழைக்க வேண்டும். காகிதம் அந்தப் பக்கம் போய்விட்டால் நரம்பு வந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு மாதம் தினமும் காலையில் காபிக்கு முன்னால் இதைச் செய்தார்கள். காகிதம் தினமும் விரலில் முட்டி மடங்கியது. ஒரு நாள் அவள் கையை எடுத்துக்கொண்டு, "போதுங்க. தினமும் காலைல எழுந்து தோக்கறதுக்கு என்னால முடியல" என்றாள். அவன் காகிதத் துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். முன்பெல்லாம் என்றால் அந்த மூன்று வார்த்தை வாயில் வந்திருக்கும். படியில் விழுந்த நாளுக்குப் பிறகு வீட்டுக்குள் அவன் அதைச் சொல்வதை விட்டிருந்தான். பூட்டைக்கூட அவள் பார்க்காதபோதுதான் இழுத்துப் பார்த்தான். அந்தச் சோதனை நின்று நாலு நாள் ஆகியிருந்தது.

இந்த நிலைமையில்தான் அவள் ஒரு சாயங்காலம், வருடக் கடைசிப் பந்தயம் எப்போது என்று கேட்டாள். திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிறு. அவள் காலண்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இது என்னோட விரலா இருக்கறப்பவே ஒரு தடவை ஓட்டிடறேன். அப்புறம் எப்படியிருக்கும்னு யாருக்குத் தெரியும்."

ஓட்டலாம் என்று சொல்வது சுலபம். ட்ரிக்கரை இழுக்க அவளால் முடியும், மடக்குகிற நரம்பு வேறு. முன்னால் தள்ளுவதுதான் முடியாது. ரிமோட்டைக் கையில் கொடுத்துத் தள்ளிப் பார்க்கச் சொன்னான். விரல் ட்ரிக்கருக்குள் சும்மா கிடந்தது. பிரேக் இல்லாத பந்தயக் கார் முதல் வளைவிலேயே பலகையில் மோதி நாலு துண்டாகிவிடும். கட்டை விரலால் பிரேக் பிடிக்கிற மாதிரி ரிமோட்டை மாற்றலாமா என்று யோசித்தான், பந்தய விதியில் அதற்கு இடமில்லை. இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டான்.

மூன்றாவது நாள், ஒரு லிஃப்டின் கூரை மேல் குந்தி உட்கார்ந்திருக்கும்போது வழி கிடைத்தது. லிஃப்டின் பிரேக் எப்போதும் பிடித்துக்கொண்டேதான் இருக்கும். கரண்ட் கொடுத்தால்தான் விடும். கரண்ட் போனாலும் சரி, ஆள் மயங்கி விழுந்தாலும் சரி, தானாகக் கவ்விக்கொள்ளும். உலகத்தில் அவன் நம்புகிற ஒரே பொருள் அதுதான். காரையும் அப்படிச் செய்தால் என்ன? கன்ட்ரோலரில் ஆட்டோ பிரேக் என்று ஒரு எண் இருக்கிறது. ட்ரிக்கரை விட்டவுடன் மோட்டார் தானாக இழுத்துப் பிடிக்கும். பந்தயக்காரர்கள் அதைப் பூஜ்யத்தில் வைப்பார்கள், ரொம்ப ஆசைப்பட்டால் ஐந்து சதவீதம். அதை ஏற்றிவிட்டால் அவள் தள்ளவே வேண்டாம், விரலை விட்டால் போதும்.

எவ்வளவு ஏற்றுவது என்பதற்கு மூன்று வாரம் பிடித்தது. அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் அடித்தளத்தில், வண்டிகள் வெளியே போன பிறகு தூண்களுக்கு நடுவே ஓட்டிப் பார்த்தார்கள். பத்து சதவீதத்தில் கார் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் உருண்டுகொண்டே போனது. நாற்பதில் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு கார் பம்பரமாகச் சுற்றியது. இருபத்தைந்து போதவில்லை. முப்பது அதிகம். இருபத்தெட்டில் ஒழுங்காக நின்றது. அவன் தாளில் இருபத்தெட்டு என்று எழுதி அடிக்கோடு போட்டான். பயந்த சுபாவம் உள்ளவனுக்கு எண்ணைப் போல ஆறுதல் தருவது வேறு எதுவும் இல்லை.

அவளுக்கு அது பிடிக்கவில்லை. "கார் என்னைக் கேக்காமலே நிக்குது" என்றாள். மற்றவர்களை விடத் தாமதமாகப் பிரேக் பிடித்து வளைவுக்குள் நுழைவதுதான் அவளுடைய வித்தை. இப்போது எல்லோருக்கும் முன்னாலேயே விரலை விட வேண்டியிருந்தது. இருந்தாலும் ஓட்டினாள். ஒருநாள் கூட சலித்துக்கொள்ளவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்குப் பதினோரு படியும் வரிசையாகக் கண் முன்னால் வந்து நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் தடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழரை மணி. பழைய கிடங்கு ஒன்றின் பின்பக்கம் தார் போட்ட மைதானம், சுற்றிலும் தாழ்வான பலகை, ஓரத்தில் ஓட்டுகிறவர்கள் ஏறி நிற்க இரும்பு மேடை. மேடைக்கு ஒன்பது படி. அவன் அந்தப் படிகளைத் துணியால் துடைத்துவிட்டு வந்தான். பல் டாக்டர் ஒருவர் எப்போதும் பக்கத்து மேஜையில் இருப்பார், அவளுடைய பழைய போட்டியாளர். அவர் அவள் கையைப் பார்த்தார், எப்படி இருக்கிறது என்று கேட்டார், பதில் வருவதற்குள் தன் டயரைத் துடைக்கத் திரும்பிக்கொண்டார். நல்லவர்தான், என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அவன் காரை மேஜை மேல் சின்னத் தாங்கியில் ஏற்றிச் சக்கரத்தைச் சுற்றவிட்டுப் பார்த்தான். ட்ரிக்கரை விட்டதும் சக்கரம் டக்கென்று நின்றது. மறுபடியும் பார்த்தான், நின்றது. செட்டிங் கார்டைச் செருகினான். ஆட்டோ பிரேக், இருபத்தெட்டு. கழற்றினான். பெட்டியில் வைத்தான். பெட்டியை மூடினான்.

எல்லாம் இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவன் கை பெட்டியை விட்டு வரவில்லை. வரும் வழியில் கார் பெட்டி ஒரு முறை இடித்துக்கொண்டதே, அதில் ஏதாவது ஆகியிருந்தால்? இருபத்தெட்டு என்று பார்த்தது இருபத்தெட்டுதானா, பதினெட்டா? அவள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். அவள் இல்லாத தைரியத்தில் அவன் பெட்டியைத் திறந்து, கார்டை எடுத்து, இன்னொரு தடவை செருகினான். ஓரத்துப் பொத்தானின் சிவப்பு டேப்பின் மேல் கட்டை விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகத் தட்டிக்கொண்டே வந்தான்.

அப்போது ஒலிபெருக்கி அலறியது. பந்தயம் நடத்துகிறவர், காலையிலிருந்து கத்திக் கத்திக் குரல் கட்டிப்போனவர், அடுத்த பந்தயக்காரர்கள் இரண்டு நிமிடத்தில் காரைத் தடத்தில் வைக்க வேண்டும் என்றார். அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். அவள் எங்கே என்று கூட்டத்தில் தேடினான். தேடித் திரும்புகிற வரைக்கும் கட்டை விரல் இருந்த இடத்திலேயே இருந்தது. கார்டில் சின்ன விளக்கு இரண்டு முறை மின்னியது. சரி, எல்லாம் பதிவாகிவிட்டது என்று நினைத்து, ஒயரைப் பிடுங்கி, காரின் மேல்மூடியை மாட்டி, அவள் வந்ததும் தூக்கிக்கொண்டு ஓடினான்.

அவள் மேடை ஏறினாள். அவன் முதல் வளைவுக்குப் பக்கத்தில் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பத்துக் கார். ஐந்து நிமிடம். ஐந்து நிமிடம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால் போயே போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பல் வலித்ததுதான் மிச்சம்.

ஊதல் சத்தம் கேட்டது. அவள் கார் வழக்கத்தை விட முரட்டுத்தனமாகத் துள்ளிக் கிளம்பியது. புது டயர், அதனால்தான் என்று நினைத்தான். நேர்பாதை முழுக்க வந்தது. முதல் வளைவு. அவள் ட்ரிக்கரை விட வேண்டிய இடம் அவனுக்கு மனப்பாடம், பலகையில் நீலக் கோடு போட்ட இடம். நீலக் கோடு வந்தது, போனது. கார் நிற்கவில்லை. உருண்டுகொண்டே வெளிப்பக்கம் போய்ப் பலகையில் உரசி, ஒரு துண்டுப் பிளாஸ்டிக் பறந்தது. அவனுக்கு உயிரே போய்விட்டது. ஏதோ தவறு, நான்தான் செய்தேன், மறுபடியும் நான்தான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

இரண்டாவது வளைவில் கார் பிடித்தது. சுமாராகத்தான். மூன்றாவதில் இன்னும் கொஞ்சம் நன்றாகப் பிடித்தது. அவன் மூச்சை விட்டான். மறுபடி முதல் வளைவுக்கு வந்தது. நீலக் கோட்டைத் தாண்டியும் வேகம் குறையவில்லை. ஐயோ என்று கண்ணை மூடப்போனான், அதற்குள் கார் சட்டென்று குனிந்து அடங்கி, வளைவின் உள் ஓரத்தை ஒட்டிப் போய்விட்டது. டயர் சூடானால் பிடிப்பு கூடும். அதுதான், வேறென்ன. இப்படி ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டே நின்றான்.

சுற்றுக்குச் சுற்று அவள் நீலக் கோட்டைத் தாண்டித் தாண்டிப் பிரேக் பிடித்தாள். பத்தாவதாகப் போனவள் ஏழாவதாக வந்தாள், ஆறாவதாக வந்தாள். பல் டாக்டரின் காரை உள்பக்கமாக நுழைந்து முந்தியபோது மேடையில் யாரோ சீட்டியடித்தார்கள். பந்தயத்தில் யாரும் ஓட்டுகிறவர் கையைப் பார்ப்பதில்லை, எல்லோருடைய கண்ணும் காரின் மேல்தான். அவளுடைய கண்ணும் காரின் மேல்தான் இருந்தது. நான்காவதாக முடித்தாள்.

மேடையிலிருந்து இறங்கி வரும்போது அவள் முகம் சிவந்திருந்தது. ஆறு மாதமாக அவன் பார்க்காத முகம். மேஜைக்கு வந்து ரிமோட்டை வைத்துவிட்டு, நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, தண்ணீர் கேட்டாள். பல் டாக்டர் வந்து, இடம் கேட்காமலே நுழைந்துவிட்டீர்களே என்று கைகொடுத்துவிட்டுப் போனார். இந்தத் தடவை அவருக்குச் சொல்ல வார்த்தை கிடைத்திருந்தது.

"முதல் வளைவுல பிடிக்கவே இல்லீங்க" என்றாள் அவள். "அப்புறம் தானா சரியாயிடுச்சு. அடித்தளத்துல ஓட்டினதை விட நல்லா பிடிச்சுது. எவ்வளவு வெச்சீங்க?"

அவன் இருபத்தெட்டு என்றான். சொல்லிவிட்டு, அது சரியாக இருக்கட்டும் என்று, கார்டை எடுத்துச் செருகினான். அவனை வேறு எப்படித்தான் இருக்கச் சொல்வது.

திரையில் ஆட்டோ பிரேக் என்று வந்தது. பக்கத்தில் பூஜ்யம்.

ஒயர் சரியாக மாட்டவில்லை என்று நினைத்தான். பிடுங்கி மறுபடி செருகினான். பூஜ்யம். மற்ற எண்களைப் பார்த்தான். ஒன்று கூட அவன் வைத்ததாக இல்லை, எல்லாம் தொழிற்சாலை எண். அப்போதுதான் ஒலிபெருக்கியும், தன் கட்டை விரலும், இரண்டு முறை மின்னிய விளக்கும் ஒன்றன் பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. கார் துள்ளிக் கிளம்பியதற்கும் அதுதான் காரணம். பிரேக்கே இல்லாத காரைக் கொடுத்து அவளை மேடை ஏற்றியிருக்கிறான். எல்லோர் முன்னாலும் காரைச் சுக்குநூறாக்கிவிட்டுக் கூனிக் குறுகி இறங்கி வர வைத்திருப்பான். படியில் தள்ளியது போதாது என்று இது வேறு. சொல்லிவிடலாமா, சொல்லாமல் காரைப் பெட்டியில் வைத்துவிடலாமா என்று கார்டைப் பிடித்தபடி நின்றான்.

நிற்கும்போதுதான் அடுத்த யோசனை வந்தது. கார் நின்றதே.

பூஜ்யத்தில் கார் தானாக நிற்காது. அடித்தளத்தில் பார்த்திருக்கிறான், பத்திலேயே உருண்டுகொண்டு போன கார். டயர் சூடு, பிடிப்பு என்று அவன் சொல்லிக்கொண்ட காரணம் ஒன்றும் ஒரு காரை நீலக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்தாது. ட்ரிக்கரை முன்னால் தள்ளினால் மட்டும்தான் நிற்கும். முதல் வளைவில் நிற்கவில்லை. இரண்டாவதில் நின்றது. கார் பலகையைப் பார்த்துப் போவதைக் கண்டு, பத்து வருடப் பழக்கத்தில், கேட்காமல் கொள்ளாமல் ஏதோ ஒன்று தள்ளியிருக்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு வளைவிலும் தள்ளியிருக்கிறது.

அவன் கார்டை அவள் பக்கம் திருப்பினான். அவள் படித்தாள். முதலில் புரியாமல் சிரித்தாள், மாற்றி வைத்துவிட்டீர்களா என்றாள். அவன் நடந்ததைச் சொன்னான், கட்டை விரலையும் சேர்த்து, ஒன்றையும் மறைக்காமல். அவள் சிரிப்பு நின்றது. தன் இடது கையை மடியில் வைத்து, வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தாள்.

"இல்லீங்க" என்றாள். "நான் தள்ளல. தள்ளியிருந்தா எனக்குத் தெரியாதா?"

அவன் மேஜையிலிருந்த டயர், ஸ்பானர், துணி எல்லாவற்றையும் ஒரு பக்கம் ஒதுக்கினான். செட்டிங் எழுதிய தாளை எடுத்தான். நகல் இருக்கிறதே என்ற தைரியத்தில் அதன் ஓரத்தை நீளமாகக் கிழித்தான். எண்கள் எழுதிய தாளை அவன் கிழித்து அவள் பார்த்ததே இல்லை.

"கையை வை" என்றான்.

"வேண்டாங்க. நாளைக்கு டாக்டர் பாத்துக்கட்டும். இன்னிக்கு நான் நாலாவதா வந்திருக்கேன், அது போதும் எனக்கு."

அவளுக்குப் பயம் என்று அவனுக்குப் புரிந்தது. அவனுக்கும்தான் பயம். இத்தனை நாள் வீட்டுக்குள் வராத மூன்று வார்த்தைகள் நாக்கு நுனி வரை வந்து நின்றன. அவன் விழுங்கிவிட்டான். காகிதத்தைப் பிடித்தபடி குனிந்து நின்றான்.

அவள் அவனையே பார்த்தாள். பிறகு மணிக்கட்டில் டாக்டர் கட்டச் சொல்லியிருந்த பட்டையைக் கழற்றிவிட்டு, கையை மேஜை மேல் குப்புற விரித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அடிமுட்டியிலிருந்து விரலைத் தூக்கப் பார்த்தாள். பார்ப்பதற்கு ஒன்றும் நடக்கவில்லை. விரல் மரம் மாதிரி கிடந்தது. அவன் காகித ஓரத்தை விரலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். முட்டுகிற இடத்துக்கு வந்தான். ஒரு மாதம் தினமும் காலையில் மடங்கிய இடம். லேசாகத் தள்ளினான்.

காகிதம் முட்டவில்லை. விரலுக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் வந்து, அதில் அவன் கையெழுத்தில் பாதி இருபத்தெட்டு தெரிந்தது.

அவள் கண்ணைத் திறந்து, விரலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த காகிதத்தைப் பார்த்தாள். மேலே நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

"இன்னொரு தடவை வைங்க" என்றாள்.

அவன் காகிதத்தை உருவி எடுத்து, மறுபடியும் வைத்தான்.